நாலாவது கோடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டுக் குடும்பங்களுக்குப் பொதுவான தரை முழுவதையும் நான் என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டேன். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. சாட்சிகள் மட்டும் பதினான்கு பேர் இருந்தார்கள், ஆளுக்கொரு டம்ளர் காபியுடன். தரையோடு நின்றேனா என்றால் இல்லை. வாசல் கேட்டைத் தாண்டி, தெருவையும், தெருவில் இஸ்திரி வண்டி நிற்கும் இடத்தையும் சேர்த்தே வளைத்துப் போட்டேன். நிலம் வளைப்பவர்கள் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குவார்கள் என்று கேள்வி. எனக்கு அன்று மதியம் மோர் சாதம்கூட இறங்கவில்லை.

என் தொழில் பிழை திருத்துவது. (அடுத்தவர் பிழையை.) பாடநூல்கள் அச்சிடும் ஒரு பதிப்பகத்துக்காக வீட்டிலிருந்தே செய்கிறேன். சில வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்புக் கணினிப் புத்தகம் ஒன்று திருத்த வந்தது. அதில் ஒரு பாடம், கட்டளைகள் எழுதி வடிவங்கள் வரைவது பற்றி. இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு போடு என்று எழுதினால் கணினி போடும். நான்கு கோடு போட்டால் பெட்டி. பெட்டிக்குள் ஒரு புள்ளியைக் காட்டி ‘நிரப்பு’ என்றால், அந்தப் புள்ளியிலிருந்து நிறம் நாலாபுறமும் பரவி, கறுப்புக் கோடு தடுக்கும் இடத்தில் நின்றுகொள்ளும்.

நாற்பத்தேழு வயதில், சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஒன்றை முதல்முறையாகப் பார்த்தேன். மயங்கிவிட்டேன்.

முதலில் ஒரு குடிசை வரைந்தேன். கூரை கீழேயும் வாசல் மேலேயும் வந்தது. பள்ளியில் நாம் வரைபடத்தாளில் கீழிருந்து மேலே எண்ணுவோம், திரையில் மேலிருந்து கீழே எண்ணுகிறார்கள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. (அந்த இரண்டு நாளும் கணினியில்தான் கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.) பிறகு வட்டம். வட்டத்துக்குள் சிறு வட்டங்களை ஒன்றைவிட ஒன்று வெளிறிய நிறத்தில் அடுக்கினால் வெளிச்சம் படும் பந்து மாதிரி உருண்டு திரண்டு தெரியும் என்று கண்டுபிடித்தேன். ஒரு வாரம் பந்தாகவே போட்டேன். மிகச் சிறந்த ஒன்றை என் மனைவி சுதாவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

“உருளைக்கிழங்கு நல்லா வெந்திருக்கு,” என்றாள்.

சுதாவுக்கு அப்போது பந்துகளில் ஈடுபாடு இல்லை. அவள் கவலை கார்.

மந்தைவெளியில் ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் எங்கள் கட்டடம். எட்டு வீடு. கீழ்த்தளம் முழுக்கத் தூண்கள், அவற்றுக்கு நடுவே கார் நிறுத்த இடம், ஏழு வண்டிக்கு. கட்டியவரிடம் எட்டாவது எங்கே என்று கேட்டபோது “பாத்துக்கலாம் சார்” என்றாராம். அவர் அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை. எட்டாம் எண் வீடு எங்களுடையது. எங்களிடம் வெகுகாலம் ஸ்கூட்டர்தான் இருந்தது, அது மாடிப்படிக்கு அடியில் அடங்கி ஒடுங்கி நின்றது. சுதாவுக்கு ஈக்காட்டுத்தாங்கலுக்கு அலுவலகம் மாறியதும் ஒரு சிறிய கார் வாங்கினோம். அதை இரண்டு தெரு தள்ளி, யாரோ ஒருவரின் மதில் ஓரமாக நிறுத்தி வந்தாள். மதில்காரர் முதலில் முறைத்தார், பிறகு பூந்தொட்டி வைத்தார், அதன் பிறகு பூந்தொட்டிக்குள் சிமெண்டு போட்டார். ஒவ்வொரு மாலையும் புது மதில் தேட வேண்டியிருந்தது. காலையில், முந்தின நாள் எந்த மதில் என்று ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பங்குனி உற்சவத்தின்போது தெருவை அடைத்துவிட, கார் உள்ளே மாட்டிக்கொண்டு இரண்டு நாள் அறுபத்துமூவர் கூட்டத்தோடு இருந்துவிட்டு வந்தது.

“கோயில் ரதத்துக்குக்கூட ஒரு நிலை இருக்கு,” என்றாள் சுதா. “என் வண்டிக்கு இல்லை.”

அந்த வருடம்தான் என்னைக் கட்டடச் சங்கத்துக்குச் செயலாளராகப் போட்டிருந்தார்கள். (கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதற்கான தண்டனை அது.) ஒருநாள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. ஏழு காரும் ஏழு விதமாக நின்றன. மூன்றாம் எண் வீட்டு அண்ணாச்சி, தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், தன் பெரிய வண்டியைக் குறுக்காகப் படுக்க வைப்பார். முதல் எண் வீட்டு ராஜலக்ஷ்மி மாமி, வயலின் சொல்லித்தருபவர், தன் கணவர் காலத்துக் காரை உறை போட்டு நடுவாந்தரமாக நிறுத்தியிருந்தார். மாதம் ஒருமுறை உறையை விலக்கி, வண்டியைக் கிளப்பி, காது கொடுத்துக் கேட்டு, சுருதி சேர்ந்திருக்கிறதென்று திருப்தியாகி மூடிவிடுவார். எல்லோரும் கோடு போட்டு நேராக நின்றால், கடைசித் தூணுக்கும், தரைக்கடியில் தண்ணீர் தேங்கும் சம்ப்பின் மூடிக்கும் நடுவே எட்டாவது வண்டிக்கு இடம் இருந்தது.

வாட்ச்மேன் தனபாலும் நானும் டேப் பிடித்து அளந்தோம். அவர் ஒரு முனையைத் தூணில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“இன்னா சார், வெளியாளு யார்னா எடத்த வாங்க வர்றாங்களா?”

“இல்ல தனபால். படம் போடப்போறேன்.”

“போடுங்க சார்,” என்றார். நான் இன்னும் கெட்டுப்போக இடம் இருக்கிறது என்பதுபோல ஒரு குரல்.

ஒரு தாளில் பென்சிலால் வரைந்திருந்தால் அரைமணி நேர வேலை. நான் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். ஓர் அடிக்கு இருபது புள்ளி என்று கணக்கு வைத்துச் சுற்றுச்சுவர், லிஃப்ட், சம்ப், தூண்கள் எல்லாம் கட்டளையில் எழுதினேன். தூண்களைப் பந்து மாதிரி வெளிச்சம் விழ ஷேடிங் செய்தேன். ‘ஒரு கார் இடம்’ என்பதற்கு ஒரே ஒரு செய்முறை: நான்கு கோடு, நடுவே வீட்டு எண், பிறகு அந்த வீட்டுக்கு உரிய நிறம். அதையே எட்டு வீட்டுக்கும் எட்டு முறை ஓடவைத்தேன். மாமிக்குக் காவி, அண்ணாச்சிக்கு நீலம், இப்படிப் போய் எங்களுக்குப் பச்சை. ஒவ்வொரு வீடும் தன் நிறத்தைக் கண்ணாரப் பார்த்து மகிழட்டும் என்று ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஐந்து விநாடி நிதானம் வைத்தேன். முடிவில் படத்தின் அடியில் பெரிய எழுத்தில் ‘இதுவே இறுதி வரைபடம்’ என்று தோன்றும்படியும் செய்தேன். வீட்டில் இருபது முறையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். இருபது முறையும் சமர்த்தாக வந்தது.

கூட்டம் மாமியின் ஹாலில். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு மாமி வீடியோவில் பாடம் எடுப்பதால் கட்டடத்திலேயே பெரிய டிவி அங்கேதான். லேப்டாப்பை அதில் மாட்டினேன். படியிறங்கும்போது சுதா என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்.

“இடத்தைக் கேளுங்க. சரின்னு சொன்ன உடனே உக்காந்துடுங்க. விளக்கம் கொடுக்காதீங்க.”

ஓட்டினேன். கோடு விழுந்தது, காவி நிறைந்தது. ஐந்து விநாடி. அடுத்த பெட்டி. அண்ணாச்சியின் நீலம் வந்தபோது அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். எட்டாவது பெட்டி, தூணுக்கும் சம்ப்புக்கும் நடுவே, பச்சையாக, ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல், செய்துவைத்த மாதிரி வந்து உட்கார்ந்தது.

“அட, இருக்கே இடம்,” என்றார் யாரோ.

“எல்லாரும் நேரா நிறுத்தினா எட்டும் கொள்றது,” என்றார் மாமி. “நன்னாப் போட்டிருக்கேள்.”

இங்கே நான் உட்கார்ந்திருக்க வேண்டும். சுதா கண்ணாலேயே நாற்காலியைக் காட்டினாள். அண்ணாச்சியும் சம்மதம் சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று இன்றுவரை நம்புகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அவருக்குச் சின்னதாக ஒரு விளையாட்டு தோன்றிவிட்டது.

“எல்லாம் சரிதான் சார். நாலு பக்கமும் அடைச்சில்லா போட்டிருக்கிய. வண்டி எப்படி உள்ள போவும்? மேல இருந்து கயறு கட்டி இறக்குவியளோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான், நானும் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் இருபத்தைந்து வருடமாக மற்றவர்கள் பிழையில் வட்டம் போட்டுப் பிழைத்தவன், பதினான்கு பேர் முன்னால் தன் படத்தில் பிழை இருப்பதாகக் கேட்டால் என்ன ஆவான்? அதுவும் நியாயமான பிழை. கார் உள்ளே போக வழி வேண்டாமா? வாசல் கேட்டை நான் ஞாபகமாகத் திறந்துதான் வரைந்திருந்தேன். ஆக, கேட்டைத் தாண்டி வரும் வண்டி தன் இடத்தின் முன்னால் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. வெட்கமாக இருந்தது.

“ஒரு நிமிஷம் அண்ணாச்சி. இப்பவே சரிபண்ணிடலாம்.”

“என்னங்க,” என்றாள் சுதா.

“ஒரே ஒரு வரிதான் சுதா.”

உண்மையிலேயே ஒரே வரிதான். செய்முறையில் நாலாவது கோட்டை அழித்தால் போதும், எட்டுப் பெட்டிக்கும் ஒரே அடியில் வாசல் வந்துவிடும். இதை அவர்களுக்கு விளக்கவும் செய்தேன். கம்ப்யூட்டரின் அருமையே இதுதான், ஓர் இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும், என்று சொன்னேன். அன்று நான் சொன்னவற்றில் முழுக்க உண்மையாகிப் போனது அது ஒன்றுதான்.

மறுபடி ஓட்டினேன்.

முதல் வீடு. மூன்று கோடு விழுந்தது. முன்பக்கம் அழகாகத் திறந்திருந்தது. காவி தொடங்கியது, பெட்டியை நிறைத்தது, திறந்த பக்கம் வந்தது, வெளியே இறங்கியது. நடைபாதையில் ஓடியது. லிஃப்டைச் சுற்றிக்கொண்டது. கேட் வழியாகத் தெருவுக்குப் போய் டிவியின் நான்கு ஓரத்தையும் தொட்டுவிட்டு நின்றது. நான் பார்த்துப் பார்த்து ஷேடிங் செய்த தூண்கள் மட்டும் வெள்ளத்தில் உருளைக்கிழங்கு மிதப்பதுபோல நின்றன.

“எனக்கா இவ்ளோ?” என்றார் மாமி. “என் வண்டி நகர்றதே இல்லையே.”

ஐந்து விநாடி. இரண்டாம் வீடு. மூன்று கோடு, மஞ்சள். காவியை முழுதாக விழுங்கிக்கொண்டு மஞ்சள் கேட்டைத் தாண்டியது. இப்போது மந்தைவெளி முழுக்க இரண்டாம் எண்ணுக்கு.

நான் நிறுத்தப் பார்த்தேன். நிறுத்தும் பொத்தானைப் படம் மறைத்திருந்தது. கையில் கிடைத்த விசைகளை எல்லாம் அழுத்தினேன். டிவியின் சத்தம் கூடியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அதற்குள் அண்ணாச்சியின் மூன்று கோடு விழுந்து, நீலம் ஓரத்துக்கு ஓரம் பரவியது. அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“போதும் சார். நல்லா இருக்கு. இதோட நிப்பாட்டிருங்க.”

“அதெப்படி, அடுத்தது எங்களது,” என்றார் நாலாம் எண் வீட்டுக்காரர். அவர் குரலில் விளையாட்டு இல்லை. ஊதா வந்தது, பார்த்தார், தணிந்தார். பிறகு ஐந்தாம் வீடு, ஆறாம் வீடு. ஆட்சி ஐந்து விநாடிக்கு ஒருமுறை மாறியது. பொறுப்பேற்ற வீட்டுக்காரர்கள் முதுகை நிமிர்த்துவதும், ஆட்சி போனதும் தளர்வதுமாக இருந்தார்கள். நான் மேசைக்குக் கீழே ஒயரைத் தேடிக்கொண்டிருந்தேன். டிவி ஒயர் என்று நினைத்து ஒன்றைப் பிடுங்கினேன், மின்விசிறி நின்றது.

ஏழாம் வீடு முடிந்தது. ஏழு வீட்டுக்காரரும் ஒவ்வொருவராக எல்லாவற்றையும் அடைந்து, எல்லாவற்றையும் இழந்திருந்தார்கள். அப்போது எட்டாம் வீடு வந்தது. எங்கள் பச்சை.

பச்சை எல்லோரையும் விழுங்கியது. தரையை, நடைபாதையை, தெருவை. கறுப்புக் கோடு முழுதாக மூடியிருந்த இடங்களில் மட்டும் போகவில்லை: தூண்கள், லிஃப்ட், சம்ப், அப்புறம் 4, 6, 8 என்ற எண்களின் வயிறு. என் வீட்டு எண்ணின் இரண்டு வயிற்றையும் விட்டுவைத்துவிட்டு மீதி உலகத்தை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீடு வந்து என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ளாதா என்று ஏங்கினேன். அடுத்த வீடு கிடையாது. படத்தின் அடியில், நான் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த எழுத்துருவில், அது தோன்றியது.

‘இதுவே இறுதி வரைபடம்.’

மின்விசிறியும் நின்றுபோயிருந்ததால், பதினான்கு பேரும் கையால் விசிறிக்கொண்டே அதைப் படித்தார்கள்.

“நான் வண்டி உள்ள போக வழிதான் சார் கேட்டேன்,” என்றார் அண்ணாச்சி. “நீங்க எங்களையெல்லாம் வெளிய அனுப்பிட்டியளே.”

“இது ஒரு சின்னத் தொழில்நுட்ப...” என்று தொடங்கினேன்.

“அதுக்கு முன்னாடி எழுதிவெச்சது யாரு? ‘இறுதி’ன்னு?” என்றார் நாலாம் எண்.

சுதா தன் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பத்து வருடத்துக்கான மதில்கள் அவளுக்கு அதில் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாம் எண்ணும் ஆறாம் எண்ணும் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பழைய ஏற்பாடே இருக்கட்டும், இதெல்லாம் எதற்கு, என்று ஒரு குரல் எழுந்தது. எட்டாவது இடம் என் கண்ணெதிரே தூணுக்கும் சம்ப்புக்கும் நடுவே சுருங்கிக்கொண்டு போனது.

காப்பாற்றியவர் மாமி.

“அந்த ஒரு இடத்தை அவாளுக்குக் குடுத்துடுங்கோ,” என்றார். “இல்லேன்னா அடுத்த மீட்டிங்ல மொட்டை மாடியையும் பச்சை பண்ணிடுவார்.”

அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். அவர் சிரித்தால் அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். முடிவதற்குள் நாலாம் எண் உட்பட எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கையைத் தூக்கச் சொன்னதும் தூக்கினார்கள். என் வாதம் செய்யாததை அவர்களுடைய இரக்கம் செய்தது. இரக்கத்தில் கிடைத்த இடமும் அதே அளவுதான், நான் அளந்து பார்த்திருக்கிறேன்.

தனபால் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே போய் ஒரு வாளி சுண்ணாம்பும் கொடிக்கயிறும் எடுத்துக்கொண்டார். வண்டிகளை வெளியே எடுக்கவைத்து, கயிற்றின் மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, ஒரு மணி நேரத்தில் எட்டு இடத்துக்கும் மூன்று மூன்று கோடாகப் போட்டு முடித்தார். சுண்ணாம்பு எங்கும் பரவவில்லை. போட்ட இடத்திலேயே இருந்தது.

“கலர் வேணாமா தனபால்?” என்று கேட்டேன். எனக்கு இன்னும் அடங்கவில்லை.

“கலர் எதுக்கு சார்? வண்டி நின்னுகினு கீதுன்னா அது அவங்க எடம். நிக்கலன்னா எடம் காலி. இதுல இன்னா கீது?”

பதினோரு நாள் கட்டளை எழுதிச் சொல்ல முயன்றதை அவர் வாளியைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டார்.

அன்று மாலை அந்தப் பாடநூலை எடுத்து மீண்டும் பார்த்தேன். பாடத்தின் நடுவே, கட்டம் கட்டி, ஒரு குறிப்பு இருந்தது: நிரப்ப வேண்டிய வடிவம் முழுவதும் மூடியிருக்க வேண்டும், எங்காவது சிறு இடைவெளி இருந்தாலும் நிறம் கசிந்து திரை முழுவதும் பரவிவிடும். அந்தக் குறிப்பில் ஒரு கமா போட்டுக் கொடுத்தவன் நான். சிவப்பு மையில், மிகுந்த கவனத்தோடு.

இந்தக் கதை எங்கள் கட்டடத்தில் இன்றும் நடமாடுகிறது. விசேஷ வீட்டில் என் இலையில் ரசம் ஓடினால் அண்ணாச்சி எதிர்ப்பந்தியிலிருந்து, “சார், நாலாவது கோட்டைப் போடுங்க, தெருவுக்கு வந்துரப்போவுது” என்பார். மாமியின் பேத்திக்கு நான் ஓவியப் புத்தகமும் வண்ணப் பென்சில்களும் பரிசளித்தபோது, பச்சைப் பென்சிலை மட்டும் எடுத்து எட்டாத உயரத்தில் வைத்துவிட்டார்கள். கட்டடத்தில் கதை ‘இதுவே இறுதி வரைபடம்’ என்பதோடு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அதற்கு மேலும் கொஞ்சம் உண்டு. அதை வெளியே யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அன்று ஆறு மணிக்குச் சுதா காரை எடுத்துவரப் போனாள். நான் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். கார் சந்துக்குள் வந்தது, கேட்டுக்குள் வந்தது, லிஃப்ட் சுவரை உரசாமல் திரும்பியது, புதுச் சுண்ணாம்பு பளிச்சென்றிருந்த மூன்று கோட்டுக்கு நடுவே நேராகப் போய் நின்றது. இரண்டு பக்கமும் கச்சிதம். என் அளவு ஓர் அங்குலம் பிசகவில்லை. எனக்குக் கண் கலங்கியது என்றால் நம்ப மாட்டீர்கள்.

சுதா எஞ்சினை நிறுத்தினாள். இறங்கவில்லை. அவளும் நெகிழ்ந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன். அரை நிமிடம் கழித்து என் சட்டைப் பையில் போன் அடித்தது. பத்தடி தூரத்திலிருந்து அவள்தான்.

“சுதா, ஏன் இறங்கல?”

“தூணைப் பாருங்க.”

பார்த்தேன். கடைசித் தூண், ஓட்டுநர் கதவுக்கு நேர் எதிரே, நான்கு விரல் இடைவெளியில் நின்றது. கதவு நான்கு விரல் திறந்தது. படத்தில் நான் மிக அழகாக ஷேடிங் செய்த தூண் அது. திருப்பிக்கொண்டு ரிவர்ஸில் விடலாமா என்றால் லிஃப்ட் சுவர் விடாது. சுதா புடவையைச் சுருட்டிப் பிடித்து, கியரைத் தாண்டி, பக்கத்து இருக்கையைக் கடந்து, இடதுபக்கக் கதவு வழியாக சம்ப் மூடியின் மேல் இறங்கினாள். இன்றும் அப்படித்தான் இறங்குகிறாள். நேராக என்னிடம் வந்து, சாவியை என் கையில் வைத்தாள்.

“எட்டு வண்டிக்கும் வாசல் வெச்சீங்க,” என்றாள். “வண்டிக்குக் கதவு இருக்கும்னு யாரும் சொல்லலையா?”